பின் சீட்டுக்குக் கீழே இருந்து வந்த புகை: ஷெவ்ரோலெ போல்ட் பேட்டரி ரீகால் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலை 1, காலை நேரம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தெட்ஃபர்டு என்ற சிறிய ஊர். ஒரு வீட்டு வாசலில் முந்தைய இரவு சார்ஜில் போடப்பட்டிருந்த 2019 மாடல் ஷெவ்ரோலெ போல்ட் மின்சாரக் காரின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. கொஞ்ச நேரத்தில் தீ பிடித்தது. கார் எதிலும் மோதவில்லை, தண்ணீரில் மூழ்கவில்லை. வேகமான டிசி சார்ஜரில்கூட இல்லை. சாதாரண 240 வோல்ட் வீட்டு இணைப்பில்தான் நின்றது.

இதற்கு முன்னும் போல்ட் கார்கள் எரிந்திருந்தன. அதற்காக ஷெவ்ரோலெவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ரீகால் அறிவித்து, அதாவது விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, டீலர்களிடம் சோதனை செய்து, புதிய மென்பொருளும் ஏற்றித் தந்தது. வெர்மான்ட்டில் எரிந்த கார் அந்தச் சோதனையையும் மென்பொருளையும் ஏற்கெனவே பெற்ற கார். சரிசெய்து கொடுத்த கார் எரிந்தது என்பதால்தான் போல்ட் விவகாரத்தை மற்ற தீ விபத்துகளிலிருந்து தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மின்சாரக் காரின் பாதுகாப்புக் கருவிகள் எதுவரை பார்க்கும், எந்த இடத்தில் அவற்றுக்குக் கண் தெரியாமல் போகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இன்னொரு சம்பவத்தை நான் பார்த்ததில்லை.

பேட்டரியின் உள்ளமைப்பு

போல்ட் 2016 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஓரியன் ஆலையில் தயாரானது. செல்கள் தென்கொரியாவின் எல்ஜி கெம் நிறுவனத்தினுடையவை. ஆரம்ப வருடங்களில் அங்குள்ள ஓச்சாங் ஆலையிலிருந்து வந்தன. பேட்டரி காரின் தரைக்கு அடியில் பாய் விரித்ததுபோல் கிடக்கும்; பின் சீட்டுக்குக் கீழே மட்டும் இரண்டு அடுக்காக உயரும். எடை சுமார் 435 கிலோ.

அதற்குள் 288 செல்கள். தகரக் குழாய் மாதிரியான உருளைகள் இல்லை. அலுமினிய உறைக்குள் அடைத்த தட்டையான பவுச் செல்கள். மூன்று மூன்றாகப் பேரலலில் சேர்த்து, அப்படிப்பட்ட 96 குழுக்களை வரிசையாக சீரிஸில் கோத்திருக்கிறார்கள். ஒரு செல்லுக்கு 3.65 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 96 குழுக்களுக்கு 350 வோல்ட். முழு சார்ஜில் 400 வோல்ட்டை நெருங்கும். ஆரம்ப மாடல்களில் 60 கிலோவாட் மணி கொள்ளளவு. மூன்று செல்களுக்கு ஒரே வோல்டேஜ் அளவீடு என்ற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் முக்கியமாகும்.

சார்ஜிங் பாதையில் நிற்கும் காவலர்கள்

சுவரில் மாட்டும் பெட்டியை நாம் எல்லோரும் சார்ஜர் என்கிறோம். வீட்டில் மாட்டும், ஏசி (மாறுதிசை மின்சாரம்) தரும் பெட்டியைப் பொறுத்தவரை அது நிதானமாக யோசித்து ஆன் ஆகும் ஒரு ஸ்விட்ச்தான். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. ஏசியை டிசியாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றிப் பேட்டரிக்குக் கொடுப்பது அதுதான். அன்றைய போல்ட்டில் அதன் திறன் 7.2 கிலோவாட்.

அமெரிக்காவில் பயன்படும் ஜே1772 பிளக்கில் ஐந்து முனைகள் உண்டு. இரண்டில் மின்சாரம், ஒன்று எர்த். மற்ற இரண்டும் பேசுவதற்காக. அதில் பைலட் என்ற முனையில் சுவர்ப்பெட்டி 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். பிளக்கைக் காரில் செருகியதும் கார் அதை 9 வோல்ட்டாக இழுக்கும். 'நான் தயார்' என்று கார் சொல்லும்போது 6 வோல்ட்டாகும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் மூடி மின்சாரம் பாயும். அதே கம்பியில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகள் ஓடும். ஒவ்வொரு துடிப்பின் அகலத்தையும் பார்த்து எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று கார் தெரிந்துகொள்ளும். ஐந்தாவது முனை, பிளக்கை உருவ நீங்கள் பொத்தானை அழுத்தியதுமே காருக்குச் சொல்லிவிடும். முனைகள் பிரிவதற்கு முன்பே கார் மின்சாரம் இழுப்பதை நிறுத்திவிடும், கையில் பொறி தெறிக்காது. மழையில் நனைந்தபடி சார்ஜ் போட முடிகிறதென்றால் இந்த ஏற்பாடுகள்தான் காரணம்.

காருக்குள் வந்தால் இன்னும் கண்டிப்பான காவல். உயர் வோல்டேஜ் சுற்று காரின் உடலோடு எங்கும் இணையாது, இரண்டு முனைகளும் தனித்தே மிதக்கும். உடலுக்கும் அதற்கும் இடையிலான காப்பு குறைகிறதா என்று ஒரு மானிட்டர் அளந்துகொண்டே இருக்கும். டிசி பகுதிக்கு ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 400 வோல்ட் காருக்கு அது 40,000 ஓம். ஆரஞ்சு நிறக் கேபிள் இணைப்புகள் வழியாக ஒரு மெல்லிய கண்காணிப்புக் கம்பி ஓடும். ஏதாவது ஒரு இணைப்பை யாராவது கழற்றினால் அந்தக் கம்பி அறுந்து, பேட்டரியின் கான்டாக்டர்கள் திறந்துகொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும்.

கான்டாக்டர் என்பது பெரிய ரிலே. டிசியைத் துண்டிப்பது கஷ்டமான வேலை. நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் தீப்பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். அதனால்தான் கான்டாக்டருக்குள் பொறியை இழுத்து அணைக்கத் தனி அமைப்பு வைக்கிறார்கள். அதை மூடும்போதும் பதம் பார்த்துத்தான் மூட வேண்டும். முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக, பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களை நிரப்பி, வோல்டேஜ் சமமான பிறகே பிரதான கான்டாக்டர் மூடும். இல்லாவிட்டால் கான்டாக்டரின் முனைகள் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் திறக்கச் சொன்னாலும் திறக்காது.

இவை அத்தனையும் அருமையான கருவிகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவை எல்லாமே காவல் காப்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகும் வழியையும் உள்ளே வரும் வழியையும்தான். கான்டாக்டர் திறந்தால் வெளியே வோல்டேஜ் இருக்காது. உள்ளே 288 செல்களும் அதே ஆற்றலோடு அப்படியே இருக்கும். ஒரு செல்லை ஆஃப் செய்ய ஸ்விட்ச் கிடையாது. செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆனால் அந்த மின்சாரம் எந்தக் கான்டாக்டரையும், எந்த ஃபியூஸையும் கடந்து போவதில்லை. காவலர்கள் வாசலில் நிற்க, தீ அறைக்குள்ளேயே பிறக்கிறது.

செல்லுக்குள் நடந்தது

ஜெனரல் மோட்டார்ஸும் எல்ஜியும் சேர்ந்து கண்டுபிடித்த மூலகாரணம் இரண்டு தயாரிப்புக் குறைகள். ஒன்று, ஆனோடின் (செல்லின் எதிர்மின் முனையின்) டேப், அதாவது ஆனோடிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுத்துவரும் உலோக நாக்கு, கிழிந்திருந்தது. இன்னொன்று, ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் (நேர்மின் முனைக்கும்) நடுவே இருக்கும் செபரேட்டர் என்ற பிளாஸ்டிக் தாள் மடிந்திருந்தது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து இருந்தால் ஆபத்து அதிகம்.

செபரேட்டர் பொதுவாக 10 முதல் 25 மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது மடிந்தால், மூடியிருக்க வேண்டிய ஒரு விளிம்பு திறந்து கிடக்கும். பக்கத்தில் கிழிந்த உலோகம் நீட்டிக்கொண்டிருந்தால், எதிரெதிர் முனைகள் தொட்டுக்கொள்ள ஒரு பாலம் தயார்.

அப்படியானால் ஆலையிலிருந்து வந்த அன்றே எரிந்திருக்க வேண்டாமா? இங்கேதான் சார்ஜிங் வருகிறது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் ஆனோடின் கிராஃபைட்டுக்குள் நுழையும். கிராஃபைட் சுமார் பத்து சதவீதம் வரை உப்பும். டிஸ்சார்ஜில் சுருங்கும். ஒவ்வொரு நாளும் செல் மூச்சு விடுவதுபோல் உப்பிச் சுருங்குகிறது. அழுத்தம் உச்சத்தில் இருப்பது முழு சார்ஜின்போது. செல்லில் ஆற்றல் அதிகம் இருப்பதும் அப்போதுதான், கேத்தோடு பொருள் நிலையற்றதாக இருப்பதும் அப்போதுதான். போல்ட்டுகள் முழு சார்ஜிலோ அதை நெருங்கியோ இருக்கும்போது தீப்பிடிக்கும் அபாயம் என்று முதல் ரீகால் அறிவிப்பே சொன்னது.

ஒரு செல் ஷார்ட் ஆனதும் அதோடு பேரலலில் இருக்கும் இரண்டு செல்களும் தங்கள் மின்சாரத்தை அதற்குள் கொட்டும். வெப்பம் ஏறும். 80 முதல் 120 டிகிரிக்குள் ஆனோடின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். 130 டிகிரி அருகே பாலிஎத்திலின் செபரேட்டர் உருகும். 200 டிகிரியைத் தாண்டினால் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த கேத்தோடு ஆக்சிஜனை விடும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே உறைக்குள் இருக்கிற தீயைக் காற்றை மறித்து அணைக்க முடியாது. பக்கத்து செல் சூடாகும், அதற்கடுத்தது சூடாகும்.

பேட்டரியின் கண்காணிப்பு மென்பொருள் ஏன் இதை முன்கூட்டியே பார்க்கவில்லை? மூன்று செல்லுக்கு ஒரு அளவீடு என்று சொன்னேன் அல்லவா. அந்த மூன்றில் ஒன்று மெதுவாகக் கசிந்தால், மற்ற இரண்டும் அதைத் தாங்கிப் பிடிக்கும். மூன்றுக்கும் பொதுவான வோல்டேஜ் கொஞ்சம்தான் அசையும். பல நாள் அளவீடுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியலாம். ஆனால் இந்தக் குறை, விளிம்பில் தொட்டும் தொடாமலும் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று தொடுகிற குறை. தொடுவதற்கு முந்தைய நாள் வரை அளவீட்டில் காட்ட அதனிடம் எதுவும் இல்லாமலே இருக்கலாம்.

முதல் ரீகால்

2020 அக்டோபரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. மூன்று புகார்களை வைத்து விசாரணை தொடங்கியது. மூன்றிலும் கார் நின்றுகொண்டிருந்தது. மூன்றிலும் தீ, பின் சீட்டுக்குக் கீழே. அடுத்த மாதம், நவம்பர் 13 அன்று, 2017 முதல் 2019 வரையிலான மாடல்களில் ஓச்சாங் செல்கள் உள்ள 68,667 கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. காரணம் அப்போது தெரியவில்லை. தற்காலிக ஏற்பாடாகச் சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் மென்பொருள் ஏற்றப்பட்டது. டீலரிடம் போகும் வரை, பழைய மாடல்காரர்கள் 'ஹில்டாப் ரிசர்வ்' என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மலை உச்சியில் வீடு உள்ளவர்கள் இறங்கும்போது பிரேக்கிலிருந்து வரும் மின்சாரத்துக்கு இடம் விட வேண்டும் என்று வைத்த வசதி அது. தீயைத் தவிர்க்கப் பயன்படும் என்று அதை வடிவமைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதுவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. காரணம் தெரியாதபோது அழுத்தத்தைக் குறைத்துவைப்பதுதான் செய்யத்தக்கது. தவறு அடுத்த படியில் நடந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் நிரந்தரத் தீர்வு என்று அறிவித்தார்கள்: டீலர்கள் பேட்டரியைச் சோதிப்பார்கள், சந்தேகம் வந்தால் மாட்யூலை (செல்கள் சேர்ந்த தொகுப்பை) மாற்றுவார்கள், பேட்டரியைத் தொடர்ந்து கவனிக்கும் புதிய மென்பொருளை ஏற்றுவார்கள், பிறகு 90 சதவீத வரம்பை எடுத்துவிடுவார்கள். மூலகாரணம் இதுதான் என்று வெளியே சொல்லப்படாத நிலையிலேயே வரம்பு எடுக்கப்பட்டது. எதைத் தேடுகிறோம் என்று உறுதியாகத் தெரியாத ஒரு தேடல் கருவியை நம்பி, உண்மையில் அபாயத்தைக் குறைத்துக்கொண்டிருந்த ஒரே ஏற்பாட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இது பின்னால் வந்து சொல்லும் புத்திசாலித்தனம் மட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் இதே பாடம் சில மாதங்களுக்கு முன் கொரியாவில் நடந்து முடிந்திருந்தது. ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் கார்களும் எரிந்தன. 2020 இலையுதிர்காலத்தில் அந்த நிறுவனமும் பேட்டரி மென்பொருளைப் புதுப்பித்துத் தந்தது. 2021 ஜனவரியில் டேகு நகரில், மென்பொருள் புதுப்பித்த ஒரு கோனா எரிந்தது. அடுத்த மாதமே உலகம் முழுதும் சுமார் 82,000 வண்டிகளின் பேட்டரியை மாற்றுவதாக ஹூண்டாய் அறிவித்தது. செலவு ஒரு லட்சம் கோடி வொன் அளவில். அங்கும் செல்கள் எல்ஜியுடையவை, ஆனால் சீனாவின் நான்ஜிங் ஆலையில் செய்தவை. அங்கும் அரசு விசாரணை சுட்டிக்காட்டியது ஆனோடு டேப்பைத்தான், மடிந்துபோன டேப். கோனா நம் ஊரிலும் ஓடிய கார். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில்தான் இந்தியாவுக்கான வண்டிகள் ஒருங்கிணைக்கப்பட்டன. 2020 டிசம்பரில் இங்கே 456 கோனாக்கள் பேட்டரிச் சோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

டேகுவில் அது நடந்து மூன்று மாதம் கழித்து, மென்பொருளே நிரந்தரத் தீர்வு என்று அமெரிக்காவில் அறிவித்தது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது ரீகால்

வெர்மான்ட் தீக்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஜூலை 14 அன்று, ரீகால் வேலை முடித்தவர்களும்கூட வண்டியை வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், இரவில் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. ஜூலை 23 அன்று அதே 68,667 கார்களுக்கு இரண்டாவது ரீகால். இந்த முறை இரட்டைக் குறை பற்றிச் சொன்னார்கள். குறையுள்ள மாட்யூல்களை மாற்றுவதாகவும் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 20 அன்று இன்னும் பெரிய அறிவிப்பு வந்தது. குறை ஓச்சாங் செல்களோடு நிற்கவில்லை, வேறு ஆலையில் செய்த செல்களிலும் இருக்கிறது என்று தெரிந்ததால், போல்ட்டின் சற்றுப் பெரிய வடிவமான போல்ட் இயூவி உட்பட மேலும் 73,018 கார்கள் சேர்க்கப்பட்டன. மொத்தம் 1,41,685. அதுவரை செய்த போல்ட்டுகள் அத்தனையும் இதில் வந்துவிட்டன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காருக்கு 288 செல்கள் என்றால் மொத்தம் 4 கோடியே 8 லட்சம் செல்கள். உறுதியான தீச்சம்பவங்கள் பத்துக்குச் சற்று மேல். எந்தத் தொழிற்சாலையும் பெருமைப்படும் தரம்தான் இது. ஆனாலும் அந்தப் பத்துப் பன்னிரண்டு செல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால், ஒன்றேகால் லட்சத்துக்கும் மேலான குடும்பங்கள் காரை வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று. செப்டம்பரில் இன்னொரு அறிவுரை வந்தது: அடுக்கு வாகன நிறுத்தங்களில் மேல்தளத்தில், மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள். நகரத்தில் வாடகை அடுக்ககத்தில் இருப்பவர், தெருவில் இடம் தேடி நிறுத்துபவர், எங்கே போய் 50 அடி வெற்றிடம் தேடுவார்?

90 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதோடு, மிச்ச தூரம் சுமார் 113 கிலோமீட்டருக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆழமாக இறக்கி உச்சம் வரை ஏற்றும்போது செல் அதிகமாக உப்பிச் சுருங்கும் என்பதை நினைத்தால் இது புரியும். 383 கிலோமீட்டர் ஓடும் என்று வாங்கிய வண்டியில் மேலும் கீழும் வெட்டி நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் நிலை.

தீயணைப்பு வீரர்கள் பக்கம்

இதே காலத்தில், 2021 ஜனவரியில், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி., மின்சாரக் கார் தீயில் மீட்புப் பணியாளர்களுக்கு உள்ள ஆபத்து பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் முக்கியமானது, சேதமான பேட்டரிக்குள் சிக்கிக்கொண்டு நிற்கும் ஆற்றல் என்ற கருத்து. கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் 2018 மார்ச்சில் மோதிய ஒரு டெஸ்லாவின் பேட்டரி, வண்டியை இழுத்துப் போய் நிறுத்திய இடத்தில் ஐந்து நாள் கழித்தும் மீண்டும் தீப்பிடித்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 2011-இல் அவர்களுடைய வோல்ட் என்ற இன்னொரு காரை அரசு மோதல் சோதனை செய்துவிட்டு நிறுத்தி வைத்திருந்தபோது, சுமார் மூன்று வாரம் கழித்து அது எரிந்தது.

உயர் வோல்டேஜ் காரில் மீட்புப் பணியாளர்கள் வெட்ட வேண்டிய கம்பி எங்கே என்று தெளிவாக லேபிள் ஒட்டியிருப்பார்கள். அதை வெட்டினால் கான்டாக்டர்கள் திறக்கும். கேபிள்களில் வோல்டேஜ் போய்விடும், வீரருக்கு ஷாக் அடிக்காது. அது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் அதை வெட்டியதால் பேட்டரி அணைந்துவிட்டது என்று நினைத்து மூடிய கராஜுக்குள் வண்டியை நிறுத்தினால் ஆபத்து. ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயு பேட்டரியிலிருந்து கசிந்து கராஜை நிறைத்தால், வெடிக்கப் பொறி ஒன்று போதும்.

பிறகு

2021 அக்டோபரில் செலவைப் பற்றி உடன்பாடு வந்தது. சுமார் 200 கோடி டாலர் செலவில் 190 கோடி வரை எல்ஜி ஏற்பதாக. ஓரியன் ஆலையில் ஆகஸ்ட் இறுதியில் நின்ற உற்பத்தி 2022 ஏப்ரலில்தான் முழுமையாகத் திரும்பியது. பழைய மாடல்களுக்குப் பேட்டரி மாட்யூல்கள் மாற்றப்பட்டன, புதியவற்றுக்கு எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டியோடு. ஐந்து வருடம் ஓட்டிய காருக்குப் புதுப் பேட்டரி கிடைத்ததால், பொறுமையாக இருந்தவர்களுக்கு இது லாபமாகவே முடிந்தது.

2020 முதல் 2022 வரையிலான மாடல்காரர்களுக்குக் கதை வேறு. அவர்களில் பலருக்கு 2023-இல் வந்தது மறுபடியும் மென்பொருள். அது சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சுமார் 10,000 கிலோமீட்டர் வரை பேட்டரியைக் கவனிக்கும். சந்தேகம் வந்தால் பேட்டரி மாற்றப்படும். வராவிட்டால் மீதி 20 சதவீதத்தைத் தானே திறந்துவிடும். ஏப்ரல் 2021-இன் மென்பொருளோடு இதை ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை தேடுவது என்ன என்று தெரியும். கவனிக்கும் காலம் முழுக்க அழுத்தமும் குறைவாகவே வைக்கப்படுகிறது. 90 சதவீத வரம்பை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கவனித்த அந்த வரிசை, இங்கே சரியாகத் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கு முதலில் கொடுத்த வாக்கு பேட்டரியை மாற்றித் தருவதாக. 10,000 கிலோமீட்டர் என்பது கொஞ்சமாக ஓட்டுபவருக்கு ஒரு வருடத்துக்கு மேல். அவ்வளவு காலமும் அவர் தன் காரின் ஐந்தில் ஒரு பங்கை இழந்து ஓட்ட வேண்டும். வாக்கு மாறியதை அவர்களில் பலர் ஏற்கவில்லை, வழக்கு 2024-இல் 15 கோடி டாலர் சமரசத்தை எட்டியது. போல்ட்டின் உற்பத்தி அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், நின்றுவிட்டது.